மேல் ஸ்தாயிப் புள்ளி

திருத்தணி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ, "விட்டுட்டேன் அத்தை, இனிமே அந்தப் பக்கமே போகப் போறதில்லை" என்றாய். அதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டார்கள், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. போனில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தக் கட்டற்ற ஸ்வர நிரலில் நீ செய்த திருத்தத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். தமிழில் ஸ்வரம் எழுதும்போது மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் ஒரு புள்ளி. பேனாவால் எழுதுகிறவரை இதில் ஒரு தொல்லையும் இல்லை. கம்ப்யூட்டரில் 'ஸ' தலையில் புள்ளி வைத்தால் அது 'ஸ்' ஆகிவிடுகிறது. மேல் ஷட்ஜம் போய் மெய்யெழுத்து வந்து நிற்கிறது. 'ரி', 'நி' இரண்டிலும் புள்ளி வரவேண்டிய இடத்தில் இகரத்தின் வளைவு ஏற்கெனவே இருக்கிறது. கீழ்ப் புள்ளி வைத்தாலோ, சில எழுத்துருக்களில் பக்கத்தில் ஒரு வெற்று வட்டம் முளைக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன டீச்சர், சைபரா?" என்று கேட்கிறார்கள். நீ புள்ளியை எழுத்தோடு ஒட்டாமல், எழுத்தின் உயரத்தை அளந்து, வளைவு இருந்தால் அதற்கும் மேலே தனிக் குறியாக நிற்கவைத்தாய். இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் இழுக்கிற கோடு அந்தப் புள்ளியில் இடிக்காமல் இன்னும் கொஞ்சம் உயரே போகும்படி செய்தாய். நீ அனுப்பிய மோகன வர்ணத்தை அச்செடுத்து வகுப்பில் கொடுத்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடங்களில் ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை. எழுத்துப் பார்த்து ஸ்வரம் சொல்லவே திணறுகிற சின்னது ஒன்று இருக்கிறதே, அதுகூட விரலை வைத்துக்கொண்டு படித்தது.

இந்தத் திருத்தத்தை நிரலை நடத்துகிறவர்களுக்கு அனுப்பியதற்கு உனக்குக் கிடைத்த பதில்களையும் நீ எனக்கு அனுப்பியிருந்தாய். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "இது எத்தனை பேருக்குத் தேவை?" என்று ஒருவர். "இது எழுத்துருவின் கோளாறு, இங்கே கொண்டு வராதே" என்று இன்னொருவர். நிரல்வரிகளில் இடைவெளி விட்ட முறை சரியில்லை, இன்ன வரியில் ஒரு எண்ணை நேரடியாக எழுதியிருக்கிறாய், அதை மாற்று என்று மூன்றாமவர். அப்புறம் மாதக்கணக்காகச் சத்தமே இல்லை. இது போதாதென்று நம் பாட்டுக்காரர்கள் குழுவில் ஒருவர், "நொடேஷன் பாத்துப் பாடறதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டாராம். இதுதான் ஜாஸ்தி வலித்தது என்றாய். வலிக்கத்தான் செய்யும். அந்நியர் சொன்னதை ஒதுக்கிவிடலாம். யாருக்காகக் கண் விழித்துச் செய்தாயோ அவர்களே வேண்டாம் என்றால் என்ன செய்வது?

ஆனால் இந்த நாலு பேரையும் ஒரே கூடையில் போடாதே. மூன்றாமவர் கடுகடுவென்று எழுதியிருக்கிறார், உண்மை. ஆனாலும் நீ எழுதிய நிரலை வரி வரியாகப் படித்திருக்கிறார். படிக்காமல் அந்த வரி எண்ணைச் சொல்லியிருக்க முடியாது. அவர் சொன்ன திருத்தத்தைச் செய்து, நன்றி சொல்லி, திரும்ப அனுப்பு. முதல் ஆள் அப்படியில்லை. 'எத்தனை பேருக்குத் தேவை' என்பது கேள்வி மாதிரி இருக்கிறது. அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. உன்னைத் திருப்பி அனுப்பத்தான் அது. எண்ணிக்கையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றால், சின்ன மொழிக்காரரும் சின்ன சங்கீதக்காரரும் என்றைக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

போன கோடை விடுமுறையில் என் லேப்டாப்பில் லிலிபாண்ட் என்கிற ஸ்வரத்தாள் அச்சிடும் நிரலைப் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதிலிருந்து அதன் கதையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹான்-வென் நியன்ஹவ்ஸ், யான் நியூவன்ஹவ்ஸன் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் 1996-ல் தொடங்கியது. கம்ப்யூட்டரில் அச்சிட்ட மேனாட்டு ஸ்வரத்தாள்கள் உயிரில்லாமல் இருக்கின்றன, பழைய காலத்தில் கையால் செதுக்கி அச்சிட்ட தாள்களின் அழகு வரவில்லை என்பதுதான் அவர்கள் குறை. ஒரு குறியின் தண்டு எவ்வளவு கனம், இரண்டு குறிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று பழைய தாள்களைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். நீ புள்ளியின் உயரத்துக்கு மெனக்கெட்ட மாதிரியேதான்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. பிழை ஒன்றைச் சொல்ல வருகிறவரிடம், முழுப் பாட்டையும் அனுப்பாதே, அந்தப் பிழை மட்டும் தெரிகிற மாதிரி நாலைந்து வரிக்கு வெட்டிக் கொண்டு வா என்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அது விரட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் அப்படி வெட்டும்போதே பாதிப் பேருக்குத் தங்கள் தப்பு தெரிந்துவிடும். மீதிப் பேருடையதைத் திருத்துகிறவர் உடனே பார்த்துவிடலாம். அதே கட்டளையை "சின்னதா வெட்டிக் குடுங்க, பாக்கறோம்" என்று சொல்வதும் "இதைக்கூடப் படிக்காம வந்துட்டியா" என்று சொல்வதும் ஒன்றா? விதி ஒன்றுதான். முதலாவதைக் கேட்டவர் மறுநாள் திரும்பி வருவார்.

இதை அவர்களும் உணர்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. 'பாண்ட்' என்று பெயரில் குளம் இருப்பதால், ஒரு காலத்தில் புதிதாக வரும் தொண்டர்களுக்குத் 'தவளைகள்' என்றே பெயர் வைத்து, அவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லித்தர ஒருவரை நியமித்திருந்தார்கள். சின்னச் சின்ன வேலையாக எடுத்துக் கொடுத்து, முதல் திருத்தம் உள்ளே போகும்வரை கூட இருப்பதற்கு. டேவிட் காஸ்ட்ரூப் என்று ஒருவர், பயன்படுத்துகிறவர்கள் அனுப்பிய நன்கொடையை நம்பியே பல வருஷம் அதில் முழுநேரமாக உழைத்தார். அந்தப் பணம் பெரிய பணமாக இருந்திருக்காது. ஆனால் 'உன் வேலை எங்களுக்கு வேண்டும்' என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் கவனித்தேன். லிலிபாண்டின் கையேட்டில் அரபு இசைக்கு ஒரு பிரிவு, துருக்கி இசைக்கு ஒரு பிரிவு இருக்கிறது. மக்காம் என்கிற அவர்கள் ராக முறைக்கு வேண்டிய நுண்ணிய ஸ்வர இடைவெளிகளை எப்படி எழுதுவது என்று விளக்கியிருக்கிறார்கள். அது தானாக வந்திருக்காது. அந்த இசை தெரிந்த யாரோ வந்து சொல்லியிருப்பார்கள், அங்கே இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். நம் சங்கீதத்துக்கு அங்கே பிரிவு தேடினேன், கிடைக்கவில்லை.

நீ போனது இவ்வளவு பெரிய திட்டம் இல்லை, நாலைந்து பேர் நடத்துகிறது என்று தெரியும். அவர்களுக்கும் ஆபீஸ் இருக்கும், வீடு இருக்கும். சம்பளமில்லாமல் செய்கிறவர்களிடம் பயனர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் நீதான் எனக்குக் காட்டினாய். நேற்று இறக்கிக்கொண்டவர் இன்றைக்கு வந்து, "இதுகூட வேலை செய்யலையே, என்னத்தைச் செஞ்சு வெச்சிருக்கீங்க" என்று கேட்கிறார். அப்படி நூறு கேட்டவருக்கு நூற்றியோராவதாக வருகிற உன் கடிதமும் குத்தலாகத்தான் தெரிந்திருக்கும். அவர் உன்னிடம் காட்டிய சலிப்பை நான் நியாயம் என்று சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உன் மேல் உள்ள கோபமாக அதை எடுத்துக்கொள்ள மாட்டாய்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31-ம் தேதி ராத்திரி படி விழாவுக்கு நீ வந்திருக்கிறாய். மலைப்படி 365-க்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். நாம் பாடுகிற அந்தத் திருப்புகழ் ஏடுகளில் சிதறிக் கிடந்தது. வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்ற முன்சீப், கோர்ட்டு வேலைக்கு நடுவே ஊர் ஊராக ஏடு தேடிச் சேர்த்து, 1894-ல் முதல் பாகத்தை அச்சில் கொண்டுவந்தார். அவர் மகன்தான் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை. பட்டத்திலேயே நம் ஊர் இருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் ஆயுசையே கொடுத்து வார்த்தைகளை மீட்டுவிட்டார்கள். மெட்டு? அருணகிரிநாதர் என்ன மெட்டில் பாடினார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. சந்தம் எழுத்திலேயே இருப்பதால் தாளம் பிழைத்தது. ராகம் போயே போய்விட்டது. நாம் பாடுவதெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்ட மெட்டு. "நொடேஷன் எதுக்கு" என்று உன்னைக் கேட்டவரை அடுத்த படி விழாவுக்குக் கூட்டிக்கொண்டு வா, நான் பேசிக்கொள்கிறேன்.

முத்துஸ்வாமி தீக்ஷிதருக்கு அப்படி ஆகாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்த மலையில்தான் அவர் வாயில் முருகன் கற்கண்டு போட்டதாகவும், மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி' பிறந்ததாகவும் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாய். அவர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கீர்த்தனைகள் பெரும்பாலும் சீடர்கள் தொண்டையிலும் குடும்பத்து ஏடுகளிலும்தான் இருந்தன. 1890களின் தொடக்கத்தில் சென்னை செக்ரடேரியட்டில் உத்தியோகம் பார்த்த ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேனாட்டு ஸ்டாஃப் நொடேஷனில் எழுதி அச்சிட ஆரம்பித்தார். அவர் கிறிஸ்தவர், மேனாட்டுச் சங்கீதமும் கற்றவர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கிற எழுத்தில் நம் சங்கீதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிந்துவிடும் என்பது அவருடைய தவிப்பு. கைப்பணம் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோடுகளுக்குள், ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற நம் கமகம் அடங்குமா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்ட எத்தனை பேர், 'வா, அடங்கும்படி ஒரு வழி சேர்ந்து பார்ப்போம்' என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்?

அப்படி உட்கார்ந்தவர் தீக்ஷிதர் குடும்பத்திலேயே வந்த எட்டயபுரத்து சுப்பராம தீக்ஷிதர். குடும்பச் சொத்தாகக் காத்ததை ஊருக்கெல்லாம் திறந்துவிட அவருக்கும் முதலில் தயக்கம்தான். முதலியார் விடவில்லை, எட்டயபுரம் ஜமீனிடமும் போய்ச் சொன்னார். ஜமீன் பொறுப்பேற்றது, எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சகத்தில் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. அப்போது சுப்பராம தீக்ஷிதருக்கு அறுபத்தைந்து வயசு. இரண்டே வருஷத்தில் போய்விட்டார். கமகத்தை எழுத முடியாது என்றவர்களுக்கு அவர் புத்தகத்திலேயே பதில் சொன்னார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்ந்த கோடுகள், ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி. ஸ்வரத்தின் தலையில் ஸ்தாயிப் புள்ளியும் கமகக் குறியும் ஒன்றோடொன்று இடிக்காமல் அச்சுக் கோக்க வேண்டும். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் எட்டயபுரத்தில் ஒரு அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளோடு போராடிய மாதிரியேதான் நீ நிரல்வரிகளோடு போராடிக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் புத்தகம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நம் ஊர் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்ததால், உன் தாத்தா தெலுங்கில் படித்தவர். எனக்கும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் மியூசிக் அகாடமி தமிழில் கொண்டுவந்த பதிப்பையும் மூலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து என்னால் பார்க்க முடியும். இந்த உதவி உனக்கு என்னிடமிருந்து கிடைக்கும்.

சுப்பராம தீக்ஷிதருக்கு ஜமீன் இருந்தது, உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாய். கட்டற்ற மென்பொருளில் ஜமீன் கிடையாது. அந்த இடத்தில் இருப்பவர்கள் பயன்படுத்துகிறவர்கள். அவர்கள் வாய் திறக்காவிட்டால் செய்கிறவருக்கு, குறை சொல்கிற குரல் மட்டும்தான் காதில் விழும். உன் அண்ணன் ஒரு ஆய்வை எடுத்துக் காட்டினான். 2017-ல் கிட்ஹப் என்கிற நிரல் சேமிப்புத் தளம் ஐயாயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டது. அதில் பெண்கள் 3 சதவீதம்தான். கசப்பான நடத்தையைத் தாங்களே அனுபவித்தவர்கள், பிறரிடம் நடக்கப் பார்த்தவர்கள் ஆகியோரில் 21 சதவீதம் பேர் அந்தத் திட்டத்தில் வேலை செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். பார்த்ததாலேயே விலகினவர்களும் அதில் அடக்கம், கவனி. உன்னிடம் ஒருவர் எரிந்து விழுந்ததை எத்தனை பெண்கள் ஓரமாக நின்று படித்துவிட்டு, சத்தமில்லாமல் போயிருப்பார்கள்? அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மியூஸ்ஸ்கோர் கதை உனக்குத் தெரியும். வெர்னர் ஷ்வீர் தொடங்கிய அந்த ஸ்வர நிரலை மார்ட்டின் கியரி என்ற இசையமைப்பாளர் 2019-ல் ஒரு வீடியோவில் பிரித்துப் போட்டுவிட்டார். இந்தப் பொத்தான் ஏன் இங்கே, இந்தப் பட்டியல் ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாக. அத்தனை பேர் பார்க்க நடந்தது, நிச்சயம் சுட்டிருக்கும். ஆனால் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. அவரையே கூப்பிட்டு வடிவமைப்புப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் வந்த நாலாம் பதிப்பில் அவர் கை தெரியும். ஏன் இது கைகூடியது என்று யோசித்தேன். அவர் குறை சொன்னது பொத்தானை. பின்னால் வந்து உட்கார்ந்து திருத்தவும் தயாராக இருந்தார். கேட்டவர்களும் மானப் பிரச்சினையாக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் இது வேண்டும்.

நம் பாட்டுக்காரர்கள் விஷயத்தில் நீ இதைத்தான் எதிர்பார்க்கிறாய், கிடைக்கவில்லை. பாடாந்தரம் குருமுகமாக வருவது, காகிதத்தில் முழுக்க அடங்காது என்பதை நான் மனசார நம்புகிறேன். தோடி காந்தாரத்தை எந்தக் குறியாலும் கொடுக்க முடியாது. எதிரில் உட்கார்த்திப் பாடித்தான் காட்ட வேண்டும். தீக்ஷிதரிலேயே பாரேன்: 'காட் சேவ் தி கிங்' மெட்டில் அவர் சாகித்யம் போட்ட 'சந்ததம் பாஹிமாம்' நோட்டுஸ்வரத்தை எந்த நிரலும் அட்சரம் பிசகாமல் எழுதிவிடும். 'ஸ்ரீநாதாதி'யை எழுதினால் எலும்பு வரும், சதை பாதிதான் வரும். அந்த எலும்பும் இல்லாமல் போனதைத்தான் திருப்புகழில் பார்த்தோம். நொடேஷன் எழுதுகிறவளைப் பார்த்து "இது பாட்டா" என்று கேட்பவர், அவள் பாடத் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்கிறார். உன் வர்ணத்தை அவர் ஒரு தரம் கேட்டிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உடனே திரும்பப் போ என்று சொல்ல மாட்டேன். ஒரு மாசம் அந்தப் பக்கம் பார்க்காதே, சாதகம் பண்ணு. அதற்குள் நான் என் பங்கைச் செய்கிறேன். உன் திருத்தத்தோடு கூடிய நிரலில் ஸரளி வரிசை, ஒரு கீதம், ஒரு வர்ணம் மூன்றையும் நானே அடித்து அச்செடுக்கிறேன். வகுப்பில் கொடுத்து, எங்கே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று குறித்து வைக்கிறேன். உதவாத இடங்களை நாலு வரிக்கு வெட்டித் தருகிறேன். "இது எத்தனை பேருக்குத் தேவை?" என்று கேட்டவருக்கு நீ பதில் எழுதாதே, 'திருத்தணியிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார்' என்று என் பெயர் போட்டு நான் எழுதுகிறேன். இங்கிலீஷைத் திருத்தி மட்டும் கொடு. அரக்கோணத்திலும் நகரியிலும் சொல்லித்தருகிற எனக்குத் தெரிந்தவர்களையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நகரிக்காரருக்குத் தெலுங்கில் இதே சிக்கல் வேறு மாதிரி இருக்கிறதாம், அங்கேயும் உயிர்க்குறிகள் எழுத்தின் தலையில்தான் ஏறுகின்றன. ஆக உன் வேலை தமிழுக்கு மட்டுமானதும் இல்லை.

அதற்குப் பிறகும் அந்தக் குழு அசையாவிட்டால் பரவாயில்லை. உரிமம் உனக்கு இடம் கொடுக்கிறது. நிரலைப் பிரதி எடுத்து உன் திருத்தத்தோடு தனியாக வைத்துக்கொள். பத்து வகுப்பில் அது ஓடினால் போதும். அப்படி வைக்கும்போது, புதிதாக யாராவது முதல் திருத்தத்தை அனுப்பினால் இரண்டு நாளைக்குள் ஒரு வரியாவது பதில் போடு. 'பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை படிக்கிறேன்' என்றாவது.

எனக்கு உன்னிடமிருந்து இப்போது வேண்டியது இரண்டு. ஸ்புரிதத்தின் மூன்று புள்ளியும் மேல் ஸ்தாயிப் புள்ளியும் ஒரே ஸ்வரத்தில் வந்தால் எது கீழே, எது மேலே என்று நீ முடிவு செய்திருக்கிறாயா? மூலத்தில் நான் பார்த்த இடங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். இன்னொன்று, அரையாவர்த்தக் கோடும் ஆவர்த்தக் கோடும் அச்சில் ஒரே கனமாக வருகின்றன. ஆவர்த்தம் முடிகிற இடத்தில் இரட்டைக் கோடு வர என்ன மாற்ற வேண்டும் என்று சொல். பதிலை வாட்ஸ்அப்பில் போடாதே, பிறகு தேடினால் கிடைப்பதில்லை. மெயிலில் அனுப்பு.

அப்பா அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்
அத்தை